சி-90ல் அடங்காத ஆல்பம்

பிங்க் ஃபிளாய்டின் ‘மெடில்’ ஆல்பம் 46 நிமிடம் 46 விநாடி ஓடும். சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். இந்தக் கழித்தல் கணக்கை எங்களில் ஒருவன் அன்றைக்கே போட்டிருந்தால், தேஹு ரோட்டில் ஐந்தாறு வருஷம் நடந்த ஒரு சண்டை நடந்தே இருக்காது. நாலு பேரும் எஸ்.எஸ்.சி.யில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துக்காராம் மகராஜின் தேஹு வேறு, எங்கள் தேஹு ரோடு வேறு. அது இந்திராயணிக் கரையில் இருக்கிற புண்ணிய ஊர். இது சில கிலோமீட்டர் இந்தப் பக்கம், பழைய பம்பாய்–பூனா சாலையும் ரயில் பாதையும் போகிற கண்டோன்மென்ட். ராணுவத்தின் ஆர்ட்னன்ஸ் டெப்போவைச் சுற்றி வளர்ந்தது. டெப்போவில் ஸ்டோர்கீப்பர், ஃபிட்டர், பேக்கர், மஸ்தூர் என்று வந்து சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அப்பா குடியாத்தத்திலிருந்து வந்தவர். வீட்டுக்குள் தமிழ், தெருவில் இந்தி, மளிகைக் கடையில் மராத்தி, டெப்போ கேட்டில் ‘யெஸ் சார்’. 1954 டிசம்பர் 25 அன்று அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவிய விகாரை இங்கேதான் இருக்கிறது. அதனால் டிசம்பர் 25 என்றால் எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் இரண்டாவதாகத்தான் ஞாபகம் வரும்.

இந்த ஊரில், 1980, 81 வாக்கில், லண்டனில் ஆரம்பித்த ஒரு சைக்கடெலிக் ராக் பேண்டின் பழைய ஆல்பங்களில் எது உசத்தி என்று நாலு பேர் தினமும் சாயங்காலம் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டார்கள் என்பது சில நாட்களில் உவமை இல்லை. அந்த இசையைப் போதையில் கேட்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தோம். எங்களுக்குக் கட்டுப்படியான போதை, ஸ்டேஷன் வாசலில் பாதி கிளாஸ் கட்டிங் சாயா.

‘தி வால்’ அப்போதுதான் வந்திருந்தது. கல்லூரியில் எல்லாரும் அந்தச் செங்கல் பாட்டைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். நாங்கள் அவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். எங்கள் எல்லைக்கோடு 1973. ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வந்ததோடு பேண்ட் பணக்காரனாகிக் கெட்டுப்போய்விட்டது என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து. அதற்கு முன்னால் 1967லிருந்து 72 வரை ஏழு ஆல்பம். அந்த ஏழில் ஒன்றைக்கூட எங்களில் யாரும் முதலிலிருந்து கடைசிவரை முழுசாகக் கேட்டதில்லை. அது பின்னால்தான் தெரிந்தது.

முதலில் சேட்டன். பாலக்காட்டுக்காரர், டெப்போவில் ஃபிட்டர், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு முதல் ஆல்பம் ஒன்றுதான் ஆல்பம். ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’, 1967. சிட் பாரெட் இருந்தவரைக்கும்தான் பிங்க் ஃபிளாய்ட், 1968ல் அவன் போன பிறகு மற்றவர்கள் வாசித்தது எல்லாம் “சம்பளத்துக்கு வாசிச்சது.” மாதாமாதம் சம்பளம் வாங்குகிற ஒரு ஃபிட்டர் அந்த வார்த்தையை அவ்வளவு இளக்காரமாகச் சொல்வது எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்த எல்.பி. அவரிடம் இருந்தது. பூனாவில் ரஜனீஷ் ஆசிரமம் வந்ததிலிருந்து கோரேகாவ் பார்க்கில் காவி அங்கி போட்ட வெள்ளைக்காரர்கள் நடமாட்டம். 1981ல் குருவே அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போக, சிஷ்யர்கள் கையிலிருந்ததை விற்றுவிட்டுப் பின்னாலேயே போனார்கள். ஜீன்ஸ், கேமரா, தூங்குகிற பை, இசைத்தட்டு. சேட்டன் ஒரு ஜெர்மன் பெண்ணிடம் பேரம் பேசி வாங்கி வந்தார். துணிப்பையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை கையைக் கழுவிக்கொண்டு அட்டையை வெளியே எடுத்துக் காட்டுவார். கண்ணாடிச் சில்லில் பார்த்த மாதிரி நாலு முகமும் நாலைந்தாகச் சிதறித் தெரிகிற படம். விக் சிங் என்கிற போட்டோகிராஃபர் எடுத்தது. ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்த பிரிஸம் லென்ஸில் எடுத்தார் என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. ‘சிங்’ என்ற பெயரைப் பார்த்த மாத்திரத்தில் சேட்டனுக்கு ஒரு சொந்தம். “நம்ம ஆளு எடுத்ததாக்கும்.”

எல்.பி. இருந்தது. பிளேயர் இல்லை. பூனாவில் யாரோ ஒரு நண்பர் வீட்டில் இரண்டு தடவை அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். மற்ற நாளெல்லாம் அட்டையைப் பார்ப்பதுதான்.

அடுத்தவன் பசு. அவன் உண்மைப் பெயரை அவன் அம்மாவே மறந்திருப்பார்கள். 1970ல் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ அட்டையில் பேண்டின் பெயர் கிடையாது, ஆல்பத்தின் பெயர் கிடையாது, ஆள் படம் கிடையாது. ஒரு மாடு. புல்வெளியில் நின்று திரும்பிப் பார்க்கிற மாடு, பெயர் லுலுபெல். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பித்தளை வாத்தியமும் கோரஸுமாக 23 நிமிடத்துக்கு மேல். “கச்சேரிடா இது. மத்ததெல்லாம் துக்கடா” என்பான். இதயத்தில் அணுசக்தி பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய பத்திரிகைத் தலைப்பிலிருந்துதான் அந்தப் பெயரை எடுத்தார்கள். பசு அதைத் தாய்மைக்கும் கோமாதாவுக்கும் முடிச்சுப் போட்டு விளக்குவான். பேண்டின் கில்மோரும் வாட்டர்ஸும் பிற்காலத்தில் அந்த ஆல்பத்தைத் தாங்களே மட்டம் தட்டிப் பேசினார்கள். அதைச் சொன்னபோது பசு அசரவில்லை. “பெத்தவனுக்கு என்னடா தெரியும்?”

மூன்றாவது, காது. 1971ல் வந்த ‘மெடில்’ கட்சி. தண்ணீருக்குள் காது ஒன்று இருக்கிற மாதிரி அட்டைப்படம். அதுதான் பெயர்க் காரணம். எங்களில் கேசட் ரிக்கார்டர் சொந்தமாக வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். குவைத்திலிருந்த மாமா கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன். எங்கள் விவாதங்களில் அவன் கட்சி அடிக்கடி ஜெயித்ததற்கு இசை காரணமா, டூ-இன்-ஒன் காரணமா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் பதில் சுலபமாக வருகிறது.

அவன் ‘மெடில்’ ஒரு டி.டி.கே. சி-90ல் இருந்தது. கேம்ப் பகுதியில் பதிந்து கொடுக்கிற ஒரு கடைக்காரர் ஒரு பக்கம் ‘மெடில்’, மறு பக்கம் வேறு யாரோ என்று அடக்கிக் கொடுத்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘எக்கோஸ்’, 23 நிமிடம் 31 விநாடி. ஆரம்பத்தில் ஒரே ஒரு சொட்டு, டிங். பேண்டின் ரிக் ரைட் பியானோவின் ஒரு கட்டையைச் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே விட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். மழைக்காலத்தில் குவார்ட்டர்ஸ் ஓட்டிலிருந்து கீழே அலுமினிய அண்டாவில் சொட்டுகிற சத்தம் அதேதான். காது அண்டாவை நகர்த்திவிட்டுத்தான் கேசட்டைப் போடுவான். நடுவில் ஒரு ஐந்து நிமிடம் காற்றும் அலறலுமாக வரும். கில்மோர் தன் வா-வா பெடலில் கேபிளைத் தலைகீழாகச் செருகி வரவழைத்த சத்தம். அவன் அம்மா ஒருதடவை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்து, “டேய், எதிர் வீட்டுப் பூனை எங்கியோ மாட்டிக்கிச்சு, போய்ப் பாருங்கடா” என்றாள்.

பிறகு பாட்டு மேலே ஏறி, திரும்ப இறங்கி, கிட்டாரும் பியானோவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, டக். நின்றுவிடும். பொத்தான் தானாக மேலே எழும்பும்.

அந்த ‘டக்’தான் காதின் மதம்.

“முடிவே இல்லாம முடிச்சிருக்கான் பாரு. பேசிக்கிட்டிருக்கும்போதே ஆள் போயிடறான்ல, அது மாதிரி. சாவுடா அது.” இதைச் சொல்லும்போது காதின் குரல் தழுதழுக்கும். சேட்டன்கூடச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த வருஷம்தான் காதின் தாத்தா குடியாத்தத்தில் வெற்றிலை கேட்டுக் கை நீட்டியவர் அப்படியே போயிருந்தார். நாங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டோம். முடிவு என்றால் இப்படி இருக்க வேண்டும். மற்ற பாட்டுக்காரனெல்லாம் சத்தத்தை மெள்ளக் குறைத்துக்கொண்டே போய் நழுவுகிறான், இவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை.

நாடா தீர்ந்துபோனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாவது நான். என் அவமானத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கல்லூரித் தோழன் ஒருவன் கொடுத்த ஒரு கேசட் என்னிடம் இருந்தது. பிரதிக்குப் பிரதி எடுத்த மூன்றாம் பிரதி. பாட்டுப் பெயர்கள் கிடையாது. முதுகில் பால்பாயிண்டில் ‘நைஸ் பேர் – 73’ என்று மட்டும் இருந்தது. கிறுக்குத்தனமான சின்னச் சின்னப் பாட்டுகள், நடுவில் ஒரு நீளமான அமளி, ஒரு பாட்டின் முடிவில் கடிகாரக் கடைக்குள் வாத்துகள் புகுந்த மாதிரி ஒரு சத்தம். எனக்கு உயிர். நான் மதகில் வைத்த கட்சி இது: ‘டார்க் சைட்’டில் சம்பாதித்த பிறகு இவர்களுக்கு மனச்சாட்சி உறுத்தி, 73 கடைசியில் வேண்டுமென்றே குழந்தைகள் மாதிரி ஒரு ஆல்பம் போட்டார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தாலும் அதுதான் உச்சம். சேட்டனின் ‘பைப்பர்’ எல்லாம் அதன் கால் தூசிக்கு வராது.

ஆறு மாதம் அவரோடு சண்டை போட்டேன். அவர் என் ஆல்பத்தை, சம்பளம் வாங்கிக் கொழுத்தவர்களின் பாவனை என்றார். நான் அவருடையதை, பழக்கமில்லாத பையன்களின் கன்னி முயற்சி என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேகத்தில் அந்த வாத்துப் பாட்டைப் பாடிக் காட்டினேன், சைக்கிளைப் பற்றி வருகிற பாட்டு. சேட்டன் முகம் மாறியது. எழுந்து உள்ளே போனார், டிரங்குப் பெட்டியைத் திறந்தார், அட்டையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் கடைசி வரியில் விரலை வைத்தார். ‘பைக்.’

முதல் இரண்டு ஆல்பங்களையும் ஜோடியாகக் கட்டி இசைத்தட்டுக் கம்பெனி மறுபடி விற்ற தொகுப்புதான் ‘எ நைஸ் பேர்’. நான் உயிரைக் கொடுத்து ஆதரித்ததும் ‘பைப்பர்’தான், உயிரைக் கொடுத்து எதிர்த்ததும் ‘பைப்பர்’தான். அன்றிலிருந்து என் பெயர் ஜோடி. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனபோதுகூட “ஜோடிக்கு ஜோடி” என்று சிரித்தார்கள். சேட்டனுக்கும் அந்த வெற்றியில் முழு சந்தோஷம் இல்லை. ஆறு மாதம் அவரும் தன் ஆல்பத்தைத்தானே திட்டியிருக்கிறார்.

ஆனி மாத மழையோடு துக்காராம் பால்கி எங்கள் ஊர் வழியாகத்தான் ஆகுர்டிக்குப் போகும். காலையிலிருந்து சாலை முழுக்க வார்கரிகள், தாளம், மிருதங்கம், தலையில் துளசி மாடம் வைத்த பெண்கள். குவார்ட்டர்ஸில் வாசலுக்கு வாசல் தண்ணீர்க் குடம் வைப்போம். ஒரு வருஷம் காது, என்ன புத்தியோ, ஜன்னலில் டூ-இன்-ஒன்னை வைத்து ‘எக்கோஸ்’ போட்டுவிட்டான். தண்ணீர் குடிக்க நின்ற ஒரு பெரியவர், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே அந்த டிங் டிங்கைக் கேட்டார். பிறகு கேட்டார்: “ஹே கோண்தே புவா?” மராத்தியில் கீர்த்தனை பாடுகிறவருக்கு ‘புவா’ என்று பெயர். இது எந்த புவா? காது திணறி, “விலாயத் புவா, பாபா” என்றான். அவர் இன்னும் இரண்டு நிமிடம் நின்றார். சுருதி நன்றாகப் பிடித்திருக்கிறார், ஆனால் கடவுள் பெயருக்கு எப்போது வருவார் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கூட்டத்தோடு போய்விட்டார். பிங்க் ஃபிளாய்ட் பற்றி நான் படித்த விமர்சனங்கள் கொஞ்சமில்லை. அந்தப் பெரியவரின் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சேட்டனிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. சிட் பாரெட் வாலிபத்தில் பஞ்சாபின் பியாஸ் மடத்து குரு சரண் சிங்கிடம் தீட்சை கேட்டு, ‘நீ இன்னும் படிக்கிற பையன், போய்ப் படி’ என்று திருப்பி அனுப்பப்பட்டான். இதை எந்த ஆசிரமத்து வெள்ளைக்காரன் அவருக்குச் சொன்னானோ. ஆனால் நிஜம். “கடவுள் பெயரைக் கேட்டவனுக்குக் கொடுக்கலையே” என்பார் சேட்டன். 2006 ஜூலையில் சிட் பாரெட் செத்துப்போன சேதி வந்தபோது அவர் ஒருநாள் கேஷுவல் லீவ் எடுத்தார். காரணம் எழுதுகிற இடத்தில் ‘நெருங்கிய உறவினர் மறைவு’. எந்த உறவு என்று ஆபீஸில் கேட்டதற்கு ‘ஒன்றுவிட்ட தம்பி’ என்றாராம். சிட் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவன்.

1996ல் ஒரு வேலையாக பம்பாய் போனபோது காலா கோடாவில் ரிதம் ஹவுஸுக்குள் நுழைந்தேன். இப்போது அந்தக் கடை இல்லை. ‘மெடில்’ சி.டி. இருந்தது. முதல் சம்பளத்தில் வாங்காததை மூன்றாவது இன்கிரிமென்ட்டில் வாங்கினேன். ராத்திரி வீட்டில் ஹெட்போனில் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன், கிட்டாரும் பியானோவும் பேசிக்கொள்கிற இடம் வந்தது. டக்குக்காக உடம்பு தானாக விறைத்தது.

வரவில்லை.

பேச்சு தொடர்ந்தது. பிறகு இரண்டும் ஓய்ந்து, எங்கிருந்தோ ஊளை மாதிரி, கோரஸ் மாதிரி ஒன்று கிளம்பி, ஏறிக்கொண்டே போயிற்று. ஏறி ஏறி, சத்தம் மட்டும் குறைந்துகொண்டே போய்க் காணாமல் போனது. சாவாவது ஒன்றாவது. மற்ற எல்லாப் பாட்டுக்காரனையும் போல மெள்ள நழுவிப் போயிருக்கிறான்.

மறுநாளே சி.டி.யை எடுத்துக்கொண்டு காதிடம் போனேன். ஜோடி என்று பதினான்கு வருஷம் கூப்பிட்டதற்குக் கணக்குத் தீர்க்கிற ஆசை எனக்கு இருந்தது, மறைப்பானேன். முழுசாகக் கேட்டான். ஓய்ந்த பிறகும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “சி.டி.ல 74 நிமிஷம் இடம் இருக்குல்ல? இடத்தை ரொப்பறதுக்கு கம்பெனிக்காரன் சேர்த்திருக்கான்.”

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 2007 பிப்ரவரியில் ரோஜர் வாட்டர்ஸ் பம்பாய் வந்தார். பாந்த்ரா–குர்லா மைதானம். சென்னையிலிருந்து பசு வந்தான். நாலு பேரும் எக்ஸ்பிரஸ்வேயில் ஒரே காரில் போனோம், வழியெல்லாம் பழைய சண்டை. வாட்டர்ஸ் ‘டார்க் சைட்’டை முழுசாக வாசித்தார். எங்கள் ஏழு ஆல்பத்திலிருந்து வந்தது ஒரே ஒரு பாட்டு, 1968ல் வந்த ‘செட் தி கன்ட்ரோல்ஸ்’. பாரெட்டும் கில்மோரும் சேர்த்து ஐந்து பேரும் வாசித்த ஒரே பதிவு அது. அதனால் இருபத்தேழு வருஷ வழக்கு அங்கேயும் தீரவில்லை: அது பாரெட் இருந்த பாட்டு என்றார் சேட்டன், கில்மோர் வந்த பாட்டு என்றான் காது. பக்கத்தில் ‘டார்க் சைட்’ அட்டையின் பிரிஸம் டி-ஷர்ட் போட்ட ஐ.டி. பையன் ஒருவன், “அங்கிள், இது புதுப் பாட்டா?” என்று கேட்டான்.

2016ல் ஆரம்ப காலம் மொத்தத்தையும் 27 தட்டுகளாகப் பெட்டி கட்டி விற்றார்கள். 2018ல் டிரம்மர் நிக் மேசன், 73க்கு முந்திய பாட்டுகளை மட்டும் வாசிக்கவென்றே ஒரு குழு ஆரம்பித்தார். எங்கள் மதகுத் தீர்மானத்தை யாரோ லண்டனுக்குத் தபாலில் அனுப்பிய மாதிரி. 2024ல் பேண்டின் பதிவுகளைச் சோனி ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. நாங்கள் சி-90களில் திருடிய கணக்கையும் அதில் சேர்த்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேஹு ரோடு பஜாரில் கொத்தமல்லி விற்கிற பையன் போட்டிருக்கிற டி-ஷர்ட்டிலும் அந்தப் பிரிஸம்தான். என் போனில் ஏழு ஆல்பமும் இருக்கின்றன. முழுசாக ஒன்றைக் கேட்டு இரண்டு வருஷமாவது இருக்கும்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் பேச்சு சர்க்கரை, பென்ஷன், யார் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதோடு சரி. பசு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, மாட்டுப் பொங்கலன்று காலையில், லுலுபெல் படத்துக்குக் குங்குமம் வைத்து அனுப்புவான். சேட்டன் ஒரு கும்பிடு போடுவார். ரிட்டயர் ஆகிப் பாலக்காட்டில் இருக்கிறார். மகன் பிளேயர் வாங்கிக் கொடுத்திருக்கிறான்; தட்டு இவ்வளவு வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்ததில் வளைந்துவிட்டதாம், ஊசி துள்ளுகிறதாம். ஆகவே இன்னமும் அட்டையைத்தான் பார்க்கிறார்.

காது ராவேத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறான். பால்கனியிலிருந்து பார்த்தால் எக்ஸ்பிரஸ்வே திரும்புகிற இடம் தெரியும். போன மாதம் போயிருந்தேன். இரண்டு காதிலும் மெஷின். ஆமாம், அவனுக்குத்தான். புளூடூத் மெஷின், போனிலிருந்து பாட்டு நேரே காதுக்குள் போய்விடும், பக்கத்தில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது.

“பேரன் ஒரு வேலை பண்ணிக் கொடுத்திருக்கான், பாரு” என்று போனைக் காட்டினான். ‘எக்கோஸ்’. கீழே நீளம் போட்டிருந்தது. 23 நிமிடம் 31 விநாடி இல்லை, ஏறக்குறைய 22. கடைசி ஒன்றரை நிமிடத்தை வெட்டச் சொல்லி, எந்த இடம் என்று பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டியிருக்கிறான்.

“அது தேவையில்லடா. கெடுக்குது” என்றான்.

போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். எனக்குச் சாலையில் லாரி போகிற சத்தம் மட்டும்தான். உள்ளே அவன் மனைவி மிக்ஸி ஓட்டுகிறாள். எனக்கு ஒன்றும் கேட்காவிட்டாலும், அவன் தலையாட்டுகிற கணக்கை வைத்தே பாட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பூனை வந்தது, போனது. மறுபடி ஏறியது. கிட்டாரும் பியானோவும் பேச ஆரம்பித்தபோது காது வலது கையை மெள்ள மேலே தூக்கினான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“டக்” என்றான் காது. கண்ணைத் திறந்து, சாயா வந்ததா என்று கேட்டான்.